தங்கவயலில் ஒரு மாளிகை

மாளிகைகளின் வரலாற்றை எழுதுவோர், அவற்றைக் கட்டியவர் யார், செலவிட்ட பொருள் எவ்வளவு, விருந்துண்ட பெருமக்கள் எவர் என்பனவற்றைக் கூறி நிறைவடைவர். அடித்தளத்தைப் பற்றி எழுதுவோர் அரியர். கோலார் தங்கவயலில் நான் கண்ட மாளிகை ஒன்றின் அடித்தளம் மண்ணுக்குக் கீழே மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை சென்றது. அதனை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

சேலத்தில் வாழும் நமக்குத் தங்கவயல் அயலூர் அன்று. ஜோலார்பேட்டை வழியாகப் பங்காருபேட்டை சென்று, அங்கிருந்து கிளைப்பாதையில் ஏறினால் அவ்வூரை அடையலாம். கர்நாடக மாநிலத்தில் இருப்பினும் தெருவெங்கும் தமிழ் ஒலிக்கும் ஊர் அது. வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து பஞ்சமும் சாதிக்கொடுமையும் துரத்த, நம் முன்னோர் பல்லாயிரவர் அங்குச் சென்று சுரங்கத்தில் இறங்கினர்.

அம்மண்ணில் பொன் இருப்பதை ஊரார் முன்னரே அறிந்திருந்தனர். மாரிகுப்பம் பகுதியில் மக்கள் பொன் எடுத்து வந்ததை 1802-இல் ஜான் வாரன் என்னும் படை அலுவலர் ஆராய்ந்து எழுதினார். 1870-களில் மைக்கேல் லாவெல் என்பார் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். 1880-இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் வந்த பின்னரே சுரங்கங்கள் செழித்தன. அவற்றுடன் மேட்டு நிலங்களில் பங்களாக்களும் எழுந்தன. கருங்கல் சுவர், உயர்ந்த ஓட்டுக்கூரை, அகன்ற தாழ்வாரம், சுற்றிலும் பூந்தோட்டம், மாலைப் பொழுதுக்கு மன்றம், ஆடுதற்குக் கோல்ஃப் திடல். அங்கிருந்த ஆங்கிலேயர் அவ்வூரைச் ‘சிறிய இங்கிலாந்து’ என்றே அழைத்து மகிழ்ந்தனர். தொழிலாளர்க்கு வாய்த்தனவோ மூங்கில் தட்டியும் தகரமும் கொண்ட ஓரறை லைன் வீடுகள்.

என் மாமு, அதாவது தாய்மாமன், ராபர்ட்சன்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்தார். 1950-களின் தொடக்கத்தில், தாம் சிறுவனாய் இருந்தபோது, தம் அத்தாவுடன் துணிமூட்டை சுமந்து ஒரு மேலாளர் பங்களாவுக்குச் சென்றதை அவர் பன்முறை எங்களுக்குக் கூறியதுண்டு. பின்வாசல் வழியே நுழைந்து, சன்னல் திரைக்கு அளவெடுத்துவிட்டு, அவ்வழியே திரும்புவார்களாம். “ஒரு சன்னலுக்குத் தச்ச துணி, லைன் வீட்டுல ஒரு குடும்பம் வருசம் முழுக்க உடுத்தப் போதும்டா. அப்படி எத்தனை சன்னல் தெரியுமா?” என்பார். சம்பள நாளில் பழைய கடனைக் கொடுத்துவிட்டுப் புதுக் கடனுக்குத் துணி வாங்கிச் செல்வோரையே நாளும் கண்ட வணிகர் அவர். மாளிகையின் அளவை அவர் முழத்தால் அளந்தார்.

அம்மாளிகைக்கு ஒளி தந்தது காவிரி. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொணர்ந்தனர். பெங்களூர்த் தெருக்கள் மின்னொளி பெற்றது 1905-இல்தான். மேட்டூரைக் கடந்து நம் பரமத்தி வேலூரையும் மோகனூரையும் நனைக்கும் அதே காவிரிதான், மேலே மாளிகை விளக்கையும் கீழே சுரங்கப் பொறிகளையும் இயக்கியது.

கீழே நிகழ்ந்ததை எண்ணினால் நெஞ்சு நடுங்கும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டர் அளவுக்கு ஆழ்ந்து சென்றது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைக் கடந்தது. பாறைத்தூள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயானது. தோண்டத் தோண்ட அழுத்தம் தாளாது பாறைகள் வெடித்துச் சிதறின. பெரும் வெடிப்புகளின்போது மேலே உள்ள கட்டடங்களும் அதிர்ந்து விரிசல் கண்டன. மேடும் பள்ளமுமாய்ப் பிரிந்து கிடந்த அவ்வூரில் மாளிகையையும் லைன் வீட்டையும் ஒருசேர உலுக்கியது அந்த அதிர்வு ஒன்றே. மாளிகையில் சுண்ணாம்பு உதிர்ந்தது. லைன் வீட்டில் தாலி அறுந்தது.

எனினும் லைன் வீடுகள் துயரத்தை மட்டுமே ஈன்றன என்று கருதுதல் பொருந்தாது. தமிழ் மாணவர்கள் அறியவேண்டிய செய்தி இதுவே. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய இதழ், ‘தமிழன்’ என்னும் பெயருடன் நடைபெற்றது. அவர் 1914-இல் மறைந்தார். பின்னர் 1926 முதல் அவ்விதழ் தங்கவயலிலிருந்து, ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. அங்கு இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை, பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக்கியது. பகலில் பாறை உடைத்த கைகள் இரவில் இதழ் புரட்டின. எழுத்தறிந்தவர் படிக்க, அறியாதவர் சூழ்ந்திருந்து கேட்டனர்.

1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. பின்னர் நடுவண் அரசின் பொறுப்பில் இயங்கின. நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேற்பட்ட பொன்னை ஈந்த அவை, 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன.

ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகப் பழந்தமிழ் இதழ்களைத் தேடி, 2003-இல் நான் அங்குச் சென்றேன். மாமு சுட்டிக்காட்டிய பங்களா பூட்டிக் கிடந்தது. ஓடுகள் சரிந்திருந்தன, அவர் அளவெடுத்த சன்னல்களில் கதவுகளும் இல்லை. அதனுள் படிப்பதற்கு ஒரு தாள்கூட இல்லை. அன்று மாலை லைன் வீடொன்றில், ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளியான முதியவர் ஒருவர் கட்டிலுக்கடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்தார். வேட்டித் துணியில் பொதிந்த பழைய நூல்கள் இருந்தன. “எங்கப்பா வாங்குனது. இங்கேயே உட்காந்து எழுதிக்கோ தம்பி, எடுத்துட்டு மட்டும் போயிராதே” என்றார். மூன்று நாள் அமர்ந்து எழுதினேன். வேளைதோறும் தேநீர் வந்தது.

மாளிகை தன் வரலாற்றைச் சுவரில் வைத்தது. மழை அதனைக் கரைத்தது. லைன் வீடு தன் வரலாற்றைத் தகரப்பெட்டியில் வைத்தது, அது பிழைத்தது.

சேலத்திலும் ஒரு சுரங்க வரலாறு உண்டு. மேக்னசைட் சந்திப்பு என்று இரயில் நிலையத்திற்கே பெயர் தந்த வெள்ளைக்கல் குன்றுகளைக் காணாதார் நம்முள் இலர். இரும்பாலைகளின் உலைச்சுவரைத் தாங்கும் செங்கற்கள் அக்கல்லிலிருந்து உருவானவை. அங்கு உழைத்தோரின் மக்கள் நம் வகுப்புகளில் அமர்ந்து சங்க இலக்கியம் பயில்கின்றனர். அக்குழிகளைத் தோண்டியவர் எவ்வூரிலிருந்து வந்தார், என்ன கூலி பெற்றார், என்ன பாட்டுப் பாடினார் என்பதை எழுதி வைத்த நூலை நம் நூலகத்தில் நான் காணவில்லை.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லங்களில் முதியோர் இன்னும் இருக்கின்றனர். இவ்விடுமுறையில் அவர்கள் அருகே அமர்ந்து கேளுங்கள். கேட்டதை அவர்கள் சொன்ன சொல்லாலேயே எழுதுங்கள். நம் துறையின் நிலைப்பேழையில் ஓர் அடுக்கைக் காலி செய்து வைத்துள்ளேன்.