ஏரிமேல் ஒரு யூ-டர்ன்

காருக்கான ஜிபிஎஸ்ஸுக்கு ஏரி என்பது வெறும் நீல நிறம். அங்கே வண்டி போகாது. ஆனால் கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் ஹாலிபர்ட்டன் பகுதியில், பிப்ரவரி மாதம் ஏரிதான் குறுக்குவழி. காஷகாவிகாமாக் என்ற நீண்டு ஒடுங்கிய ஏரியின் மேல் ஸ்னோமொபைல் என்ற பனிவண்டியில் போய்க்கொண்டிருந்தோம். கைப்பிடிக்கு முன்னால் பொருத்தியிருந்த கார் ஜிபிஎஸ் கருவி, வந்த வழியே திரும்பச் சொல்லி வளைந்த அம்பைக் காட்டிக்கொண்டே இருந்தது. குரலிலும் சொல்லியிருக்கும். என்ஜின் இரைச்சலில் யாருக்குக் கேட்டது!

டொராண்டோவிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போனால் ஹாலிபர்ட்டன். காடும் குன்றும் ஏரியுமான பூமி. பள்ளங்களில் கைபேசிக்கு சிக்னல் கிடைப்பதில்லை. கடுங்குளிரில் அதன் பேட்டரியும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கிவிடும். கார் ஜிபிஎஸ்ஸில் வரைபடம் உள்ளேயே இருக்கிறது, வானத்துச் செயற்கைக்கோள் தெரிந்தால் போதும். என்னோடு வந்த யாழ்ப்பாணத்து அண்ணர் பல குளிர்காலமாக ஸ்னோமொபைல் ஓட்டுகிறவர். மேசை இழுப்பறையில் கிடந்த பழைய கருவியை எடுத்து, வண்டியின் 12 வோல்ட் இணைப்பில் மாட்டியிருந்தார். கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் குமிழ் குளிரில் இறுகிக் கழன்றுவிடும் என்பதால் திருகாணி போட்ட பிடி. அழுத்தினால் வேலை செய்யும் பழைய வகைத் திரை அது. தடித்த கையுறையைக் கழற்றவே வேண்டாம். புதியவற்றில் இந்த வசதியைப் பெரும்பாலும் காணோம். குளிர்நாட்டில் இதை முன்னேற்றம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்தக் கருவியின் குணம் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அது நம்மை எப்போதும் ஏதாவது ஒரு சாலையில் வைத்துப் பார்க்கவே விரும்பும். கணக்கில் சில மீட்டர் பிசகினாலும் கார் சாலையில்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில், அம்புக்குறியை அருகிலுள்ள சாலைக்கு இழுத்துவிடும். நகரத்தில் இது பெரிய உதவி. இங்கே 1878இல் ஹாலிபர்ட்டனை எட்டிய ரயில் பாதை, தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, இப்போது குளிர்காலத்தில் ஸ்னோமொபைல் தடமாகியிருக்கிறது. அது சாலையை ஒட்டி வரும் இடங்களில் அம்புக்குறி சாலைக்குத் தாவும், விலகியதும் காட்டுக்குள் வரும், மறுபடி தாவும். சாலையோடு ஒட்டும் வசதியை அணைத்துவிட்டு, ஏற்கெனவே பதிவான தடத்தைக் கோடாக ஏற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆர்வலர்கள் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், பனித்தடங்களையே சாலைகள் என்று பொய்க் குறியீடு கொடுத்து வரைபடம் செய்கிறார்கள். கருவியும் நம்பி, போய்ச்சேரும் நேரம் முதற்கொண்டு கணக்கிட்டுச் சொல்கிறது.

தடங்களை சாலையைப் போல நம்ப முடியாததற்குக் காரணம் பனி மட்டுமல்ல. அவற்றில் பெரும்பகுதி தனியார் நிலங்களின் வழியே, உரிமையாளரின் சம்மதத்தில் ஓடுகிறது. உள்ளூர் ஸ்னோமொபைல் சங்கத்துத் தொண்டர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிய சம்மதம் அது. யாராவது ஒருவர் ‘இந்த ஆண்டு வேண்டாம்’ என்றால் தடம் சுற்றிக்கொண்டு போகவேண்டியதுதான். கருவியில் இருக்கும் போன ஆண்டின் கோடு அவர் நிலத்துக்குள்ளேயே நம்மை அழைத்துப்போகும், அது அத்துமீறல். ஒன்டாரியோ சங்கங்களின் கூட்டமைப்பு எந்தத் தடம் திறந்திருக்கிறது என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் இணைய வரைபடத்தில் காட்டுகிறது. அதைக் காலையிலேயே பார்த்துவிட்டுத்தான் அண்ணர் வண்டியைக் கிளப்பினார். சந்திகளில் எழுத்தும் எண்ணுமாகப் பலகைகள் இருக்கின்றன. பலகையும் திரையும் முரண்பட்டால் பலகை சொன்னபடி போனோம்.

ஏரியில் விஷயம் இன்னும் கடுமை. இந்த வட்டாரத்து ஏரிகள் பல, தெற்கேயுள்ள ட்ரெண்ட்-செவர்ன் கால்வாய்க்கு நீர் தரும் தேக்கங்கள். அணைகளைத் திறந்து மூடும்போது நீர்மட்டம் மாறும். கரையோரத்து ஐஸ் விரிசல் விடும். இரு ஏரிகள் சேரும் குறுகலில் நீரோட்டம் இருப்பதால் ஐஸ் தடிக்காது. நேர்கோட்டு முறையில் வைத்தால் கருவி அந்தக் குறுகலின் மேலேயே கோடு போடும்.

"தம்பி, உது தூரத்தைத்தான் பாக்கும். ஐஸ் எவ்வளவு தடிப்பெண்டு உதுக்கென்ன தெரியும்? கம்பைப் பார்த்து ஓடும்" என்றார் அண்ணர். சங்கத்தார் ஐஸ்மேல் வரிசையாக நட்டிருந்த கம்புகளைத்தான் சொன்னார். கரை ஏறும்வரை திரையை நான் பார்க்கவில்லை.

வேகம் பார்க்கக் கருவி உத்தமம். ஸ்னோமொபைலின் சொந்த முள் பின்பட்டையின் சுழற்சியை அளப்பது. பட்டை வழுக்கினால் கூடுதலாகக் காட்டும். செயற்கைக்கோள் கணக்கில் அந்தக் கோளாறு இல்லை. இந்த மாகாணத்தில் தடங்களில் வழக்கமான வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர், காவலர்களும் வருவார்கள்.

பெட்ரோல் பங்க்கைக் கேட்டாலும் கருவி தயங்குவதில்லை. தடம் நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் நிறுத்திக் கேட்டோம். இரண்டு கிலோமீட்டர் என்றது. சரியாக அங்கேயே பங்க் இருந்தது. கடையைப் பூட்டிக்கொண்டிருந்தவர் எங்களுக்காக மறுபடி திறந்தார்.