முதலில் மேல் மூடி!

தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டிருப்பீர்கள். கிறீச்சிடும் கதவுக் கீலுக்கும் விட்டிருப்பீர்கள். ஜீப்பின் வயிற்றுக்கு எண்ணெய் மாற்றிய அனுபவம் உண்டா? எனக்கு உண்டு. அதாவது, பாதி மாற்றியது நான். மீதிப் பாதியை மாற்றியவர், எழுபது வயதான என் பெரியம்மா.

பெரியம்மா போடிநாயக்கனூரில் இருக்கிறார். போடிமெட்டுக்கு அப்பால் மலையில் அவருக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. அங்கே போய் வர 1981-ல் பெரியப்பா வாங்கிய ஜீப் ஒன்றும் உண்டு. பெரியப்பா காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. "ஜீப்பையும் தோட்டத்தையும் விற்றுவிட்டு அக்காவைச் சென்னைக்கு அழைத்து வா. மேட்டில் நிறுத்தினால் பின்னாலேயே நகர்ந்து வருகிற வண்டியை நம்பி அவள் மலை ஏற வேண்டுமா?" என்று சொல்லி என் அம்மா என்னைத் தூது அனுப்பினாள். பத்திரிகையில் எழுதுகிறவளுக்குப் பேசத் தெரியும் என்று அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை!

போய்ச் சேர்ந்த அன்று பெரியம்மா என்னை ஜீப்பில் ஊரைச் சுற்றிக் காட்டினார். வண்டிக்கு அடியிலிருந்து ஒரே முனகல். "டிரான்ஸ்பர்லே எண்ணெய் மாத்தி ரொம்ப நாளாச்சு. மெக்கானிக்குத் தம்பி திங்கட்கிழமைதான் வருவான்" என்றார்.

டிரான்ஸ்பர் கேஸ் என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். சாதாரணக் காரில் இயந்திரத்தின் சக்தி கியர் பெட்டி வழியாக இரண்டு சக்கரங்களுக்குப் போகிறது. ஜீப்பில் கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு இரும்புப் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் சக்தியைப் பங்கு போட்டுக் கொடுப்பது அதுதான். இரண்டு மருமகள்களுக்கும் சமமாகப் பரிமாறுகிற மாமியார் என்று வைத்துக் கொள்ளுங்களேன்! அதற்குள்ளே பல்சக்கரங்கள் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கெட்டி எண்ணெயில் முழுகிச் சுழல்கின்றன. எண்ணெய் குறைந்தாலும் கெட்டாலும் முனகும். கவனிக்காமல் விட்டால் அரைத்துத் தள்ளிவிடும்.

"இவ்வளவுதானே? நானே மாற்றிவிடுகிறேன்" என்றேன். கல்லூரியில் படித்தவள் அல்லவா! வண்டியின் புத்தகத்தைப் புரட்டினேன். 'எண் 90 கியர் ஆயில்' என்று போட்டிருந்தது. கடைக்காரர் ஜி.எல்.4, ஜி.எல்.5 என்று இரண்டு ரகம் எடுத்து வைத்தார். ஐந்து நான்கைவிடப் பெரிதுதானே என்று கை நீட்டினேன். அவர் தடுத்தார். "பழைய ஜீப் டிரான்ஸ்பருக்குள்ளே வெண்கல வாஷர் இருக்கும்மா. அஞ்சிலே இருக்கிற மருந்து சில சமயம் வெண்கலத்தை அரிச்சுடும். நாலே போதும்." நாலையே வாங்கி வந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை. வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டச் செய்து எண்ணெயைச் சூடாக்கியாயிற்று. சூடான எண்ணெய்தான் அழுக்கோடு சேர்ந்து வடியும். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல்லும் வைத்தாயிற்று. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடியில் புகுந்தேன். கீழ் மூடியைத் திருகியதும் மை போலக் கறுப்பாக எண்ணெய் கொட்டிற்று. ஆகா, எவ்வளவு சுலபம்! வடிந்ததும் கீழ் மூடியை இறுக்கிவிட்டு, பக்கவாட்டில் இருக்கும் மேல் மூடிக்கு வந்தேன்.

அது அசையவில்லை. ஸ்பேனர் வழுக்கிற்று, என் விரல் முட்டி சிராய்ந்தது. மூடி மட்டும் பெரியப்பாவின் பிடிவாதத்தோடு அப்படியே இருந்தது. கீழே வடித்தாகிவிட்டது, மேலே ஊற்ற வழியில்லை. மறுநாளோ சனிக்கிழமை, தோட்டத்தில் கூலி கொடுக்கிற நாள்! அழாத குறையாக வெளியே வந்தேன்.

பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டி, நிரப்புற வாய் திறக்குதான்னு பார்த்துட்டுத்தானே வடிக்கிற வாயைத் திறக்கணும்?"

"உங்களுக்கு எப்படிப் பெரியம்மா தெரியும்?"

"நாற்பது வருஷம் உங்க பெரியப்பா வண்டிக்கு அடியிலே படுத்திருந்தாரே, பக்கத்திலே விளக்குப் பிடிச்சது யாருன்னு நினைச்சே?"

அப்புறம் அவர் ராஜ்யம்தான். ஒரு பழைய சீசாவிலிருந்து மண்ணெண்ணெயை மூடியைச் சுற்றி விட்டார். சுத்தியலால் சுற்றிலும் லேசாகத் தட்டச் சொன்னார். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் விட்டார், மறுபடியும் தட்டினோம். இரவு பத்து மணிக்கு, ஸ்பேனரின் வாலில் ஒரு நீளக் குழாயை மாட்டி நான் இழுக்க, 'டக்' என்று மூடி இளகிற்று. சமையலறைப் புனலும் ரப்பர்க் குழாயும் வந்தன. எண்ணெய் தேன் போல நிதானமாக இறங்கிற்று. அளவு பார்க்கக் கோல் எதுவும் கிடையாது. துவாரத்தின் விளிம்பில் எண்ணெய் தளும்பினால் போதும். "கியர் பெட்டியையும் பாரு. ரெண்டுக்கும் நடுவிலே வழி உண்டு. ஒண்ணிலேயிருந்து இன்னொண்ணுக்கு எண்ணெய் போயிடும்" என்றார். விளக்கை இந்தத் தடவையும் அவர்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

வண்டி மேட்டில் பின்னால் நகர்கிற மர்மமும் அன்றே துலங்கிற்று. இந்த ஜீப்பில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்பருக்குப் பின்னால் சுழலும் தண்டைப் பிடிக்கிறது. பின்பக்க ஆயில் ஸீல் கசிந்து பிரேக்கை நனைத்திருந்தது. திங்கட்கிழமை மெக்கானிக்குத் தம்பி வந்து ஸீலை மாற்றி, பிரேக்கையும் சரி செய்தார்.

அதற்கு முன், சனிக்கிழமை காலையிலேயே நாங்கள் மலைக்குப் போய் வந்துவிட்டோம். நிறுத்திய இடத்திலெல்லாம் சக்கரத்துக்குக் கல் வைத்தது நான்தான். முனகல் அடியோடு போய்விடவில்லை. பழைய பல்சக்கரம் வாயை மூடிக்கொண்டு இருக்குமா? ஆனாலும் பாதியாகக் குறைந்திருந்தது. தோட்டத்தில் பெரியம்மாவைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பெண்கள் நின்றார்கள். ஒருத்தியின் மகளுக்குப் பிரசவம். இன்னொருத்தியின் மகனுக்குப் பள்ளிக்கூடச் செலவு. பெயர் சொல்லி, விவரம் கேட்டு, கூலியை எண்ணிக் கொடுத்தார். சென்னையில் எங்கள் வீட்டு மூன்றாவது மாடி அறை எனக்கு ஞாபகம் வந்தது. பெரியம்மாவுக்காக அம்மா ஒழித்து வைத்திருக்கும் அறை அது. அதில் ஒரு கட்டிலும் ஒரு டெலிவிஷனும் இருக்கின்றன.

நான் வந்த காரியத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சென்னைக்குத் திரும்பியதும் அம்மா கேட்டாள்: "ஏன் அக்கா வரவில்லை?"

"மேல் மூடி இன்னும் திறக்கவில்லை, அம்மா" என்றேன்.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்குப் புரிகிறதல்லவா?