ஊறப்போட்ட ஸ்டாம்ப்

அப்பா ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதினார். ஜெர்மனி, இத்தாலியிலிருந்து வரும் கவர்களின் மூலையைக் கத்தரித்துச் சட்டைப் பையில் போட்டு விரிஞ்சிபுரத்துக்குக் கொண்டுவருவார். கிண்ணத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, பசை விட்டதும் உரித்து, பழைய நோட்டுக்குள் காயவைப்பேன். சேகரிப்பு என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

1988 கடைசியில் ஒரு கவரை முழுசாகக் கொண்டுவந்தார். "அண்டார்டிகாவுல இருந்து வந்ததுடா, பத்திரம்" என்றார். 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கப்பலேறிய 21 பேரின் முதல் இந்தியப் பயணத்துக்காக 1983இல் வெளியிட்ட ஒரு ரூபாய் ஸ்டாம்ப். அதன்மேல் தட்சிண் கங்கோத்ரி தபால் நிலைய முத்திரை. அங்கே விஞ்ஞானியே போஸ்ட்மாஸ்டர். கப்பல் வந்தால்தான் தபால். ஸ்டாம்ப் எந்தத் தபாலாபீசிலும் விற்றதுதான். முத்திரைக்குத்தான் மதிப்பு.

எனக்கு அது தெரியாது. மறுநாள் கவரை அப்படியே தண்ணீரில் போட்டுவிட்டேன். ஸ்டாம்ப் அழகாகக் கழன்று வந்தது. முத்திரையின் பாதி கவரோடு நின்றுவிட்டது, கவர் கூழாகிவிட்டது.

அப்பா அடிக்கவில்லை. "இன்னாடா பண்ணி வச்சிருக்க? தோலைத்தான ஊறப்போடுவாங்க!" என்றார். அதன்பிறகு முழுக் கவர் எதுவும் வீட்டுக்கு வரவில்லை. கத்தரித்த மூலைகள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

1990இல் பனியில் புதைந்துபோன அந்த நிலையத்தையே கைவிட்டார்கள். இனி அந்த முத்திரை எந்தக் கவரிலும் விழாது என்று செய்தியைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது.

பரிகாரம் மாதிரி, 1997இல் வந்த தாவரப் புதைபடிவ ஸ்டாம்புகளை வாங்கி அவரிடம் காட்டினேன். அதில் குளோசாப்டெரிஸ் இலையும் உண்டு. 1912இல் ஸ்காட் குழுவினர் செத்துக் கிடந்த இடத்தில் சுமார் 16 கிலோ பாறைகள் இருந்தன. அவற்றிலும் அதே இலையின் படிவம். நம் நாட்டு நிலக்கரிப் படுகைகளிலும் அது இருக்கிறது, இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒரு காலத்தில் ஒட்டிக் கிடந்தவை என்றேன். "சாவுற நேரத்துல கல்லைத் தூக்கினு எதுக்குப்பா நடந்தாங்க?" என்று மட்டும் கேட்டார்.

பல வருஷம் கழித்துச் சென்னையில் ஒரு தபால் தலைக் கண்காட்சி. கண்ணாடிக்குள் அதே மாதிரிக் கவர், அதே முத்திரை, முழு வட்டமாக. அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"பாரு, தண்ணியே படாம வச்சிருக்கான்" என்றார்.