'அப் டு' என்னும் உச்சவரம்பு

ஆய்வு உதவித்தொகை அறிவிப்புகளில் 'அப் டு ஃபைவ் இயர்ஸ்' என்ற தொடரைக் கண்டதும், ஐந்தாண்டும் உறுதி என்று வாசித்துவிடுகிறோம். அத்தொடர் உச்சவரம்பை மட்டுமே சொல்கிறது. குறைந்தது எவ்வளவு என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. யுஜிசியின் இளநிலை ஆய்வு உதவித்தொகை முதல் 2 ஆண்டுகளுக்கு உரியது; மதிப்பீட்டில் தேறினால்தான் முதுநிலைக்கு உயர்ந்து எஞ்சிய 3 ஆண்டுகளைப் பெறலாம். வீட்டு வாடகையும் தங்கையின் படிப்பும் இத்தொகையை நம்பியிருப்போர் முதல் நாளே இதை அறிந்திருக்க வேண்டும்.

'மேக்ஸிமம் அப் டு' என்று எழுதுவோரும் உளர். இரண்டும் ஒன்றையே சொல்வதால், நன்னூலார் கணக்கில் அது 'கூறியது கூறல்' என்னும் குற்றம். (இரு சொற்களையும் ஒட்டி ஒன்றாக எழுதும் நம் நாட்டு வழக்கம் தனிக்கதை.) விண்ணப்பிக்கும் முன், அறிவிப்பில் 'அட் லீஸ்ட்' எங்கேனும் உள்ளதா என்று தேடிப் பாருங்கள்.