சுமந்தவர்களின் பெயர்கள்



கடந்த மழைக்காலத்தில், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அப்பால், சாலை எட்டாத ஒரு சிற்றூரில் ஜெபக்கூட்டம் முடித்துத் திரும்புகையில், பாறையில் வழுக்கி விழுந்து என் கணுக்கால் முறிந்தது. சாமைக் கொல்லையிலிருந்து ஓடிவந்த நான்கு வாலிபர்கள் மூங்கிலில் போர்வையைக் கட்டி, டோலியில் என்னைச் சுமந்து சாலையில் சேர்த்தனர். வலியைவிட வெட்கமே என்னை வாட்டியது. பிறரைத் தாங்க வேண்டிய ஊழியன் பிறருக்குப் பாரமானேனே என்று குமைந்தேன். வண்டி வந்ததும் ஏறிக்கொண்டேன். அவர்களுடைய பெயரைக்கூடக் கேட்கவில்லை.

மாவுக்கட்டுடன் படுத்திருந்த நாட்களில் பீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவின் வாழ்க்கையை வாசித்தேன். 1914-இல் அமிர்தசரஸில் பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். 1969-இல் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியானார். 1971-இல், படை ஆயத்தமாகாமல் போருக்குச் செல்லலாகாது என்று பிரதமர் இந்திரா காந்தியிடமே துணிந்து உரைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் நடந்த போரின் முடிவில் வங்கதேசம் விடுதலை பெற்றது. 1973-இல் நாட்டின் முதல் பீல்டு மார்ஷலாக உயர்ந்தார். ஓய்வுக்குப்பின் குன்னூரில் வாழ்ந்து, 2008 ஜூன் 27 அன்று வெலிங்டனில் தமது 94-ஆம் வயதில் மறைந்தார்.

இத்தனை உயர்வுக்கும் முன்னே ஒரு நாள் உண்டு. 1942 பிப்ரவரியில், பர்மாவின் சிட்டாங் ஆற்றருகே ஜப்பானியருடன் நடந்த சண்டையில் அந்த இளம் கேப்டனின் உடலைக் குண்டுகள் துளைத்தன. அவருடைய பணியாளரான சிப்பாய் ஷேர் சிங் அவரைக் களத்திலிருந்து மீட்டு மருத்துவரிடம் சேர்த்தார். இவர் பிழைப்பது அரிது என்று மருத்துவர் கைவிரித்தபோதும், அவர் விடாமல் வற்புறுத்திச் சிகிச்சை செய்வித்தார். அந்தச் சிப்பாய் அன்று தளர்ந்திருந்தால், பின்னாளின் தளபதி இல்லை.

புத்தகத்தை மூடிவிட்டு மாற்கு 2-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்து வந்தனர்; கூரையைப் பிரித்து இறக்கினர். ஆண்டவர் கண்டது அவர்களுடைய விசுவாசத்தை. எத்தனையோ முறை பிரசங்கித்த பகுதிதான். ஒவ்வொரு முறையும் என்னைச் சுமப்பவர்களில் ஒருவனாகவே எண்ணியிருந்தேன். படுக்கையில் கிடந்தவனும் நானே என்பது அன்றுதான் விளங்கிற்று.

கால் தேறியதும் மலையேறி, நால்வரையும் தேடிக் கண்டு நன்றி கூறினேன். அவர்களில் ஒருவர், "எங்க வீட்டுப் பிள்ளைத்தாச்சிங்களையும் இப்படித்தாங்க அய்யா தூக்கிட்டுப் போறோம்" என்றார். நான் ஒருநாள் பட்ட பாடு அவர்களுக்கு வாழ்க்கை. அந்த ஊருக்குச் சாலை வேண்டி மனு எழுத, அன்றே அவர்களுடன் அமர்ந்தேன்.

பிரியமானவர்களே, உங்களைச் சுமந்தவர்களின் பெயர்கள் உங்களுக்குத் தெரியுமா? என் ஜெபக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இப்போது நான்கு பெயர்கள் உள்ளன. இந்த வாரம் நீங்களும் ஒரு பெயரையாவது எழுதி, நன்றியோடு ஜெபியுங்கள். இயன்றால் நேரில் சென்று பாருங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.