மூக்குப்பேணியும் முதுமாணிப் படிப்பும்

எம்மிடம் பௌதிகம் பயின்று பின்னர் பொறியியற் பட்டமும் பெற்ற மாணவனொருவன், சிபாரிசுக் கடிதம் வேண்டி எம் இல்லம் வந்தான். அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலே, பொருள் வடிவமைப்பில் முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகின்றானாம். தகப்பனாரோ கொழும்பில் உத்தியோகமொன்று ஒழுங்கு செய்துவிட்டார்.

"நாற்காலிக்குக் கால் வரையவோ தம்பி, இவ்வளவு படித்தீர்?" என்று நகைத்தோம்.

அவன் மறுமொழி கூறாது, மேசையிலிருந்த மூக்குப்பேணியைக் கையில் எடுத்தான். "இதற்கு மூக்கு ஏன், சேர்?"

"எச்சிற்படாமல் அண்ணாந்து குடிப்பதற்கு."

"நிறைந்திருக்கையில் சிறுபிள்ளையின் கைக்குப் பாரமாகாதோ? மூக்கின் உட்புறத்தை எவ்வாறு துலக்குவது?"

நாற்பது ஆண்டுகளாக அதிற் குடித்து வரும் எமக்கு விடை தெரியவில்லை. அடுக்களையிலிருந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது: பழப்புளியும், துணி சுற்றிய ஈர்க்கும்.

பின்னரே அந்நிறுவனத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். 1958இல் சார்ள்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் இந்திய அரசுக்கு அறிக்கையொன்று அளித்தனர். தாம் வியந்த பொருள்களுள் தலையாயதென அவர்கள் கருதியது சாதாரண லோட்டாவை! எவ்வளவு நீர் கொள்ளும், இடுப்பிலோ தலையிலோ சுமப்பது, ஊற்றும்போது சமநிலை யாதாகும் என்றெல்லாம் அதனை ஆராய்ந்திருந்தனர். அவ்வறிக்கையின் வழியே 1961இல் அந்நிறுவனம் தோன்றியது.

கடிதத்தை அன்றிரவே எழுதிக் கொடுத்தோம். பையன் போய்விட்டான். தகப்பனார் இன்னும் எமக்கு முகங்கொடுத்துப் பேசுவதில்லை.