நாணயம் என்னும் மூலதனம்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று சொன்ன சொல் தவறாமை. இவ்விரண்டும் ஒரே சொல்லில் குடியிருப்பதன் காரணத்தை எமக்கு உணர்த்தியவர் எம் அத்தா. நாகப்பட்டினத்தில் ‘சிதம்பரம்’ கப்பலேறிச் சிங்கப்பூர் சென்று, சிராங்கூன் சாலையை ஒட்டிய சிறு பலசரக்குக் கடையொன்றில் முதலில் சிப்பந்தியாகவும் பின்னர்ப் பங்காளியாகவும் உழைத்தவர் அவர். எம் ஊர் வழக்கில் சொன்னால், ஒரு சபுராளி.

விடுப்பில் ஊர் வரும்போதெல்லாம் அவர் சொல்வார்: “சின்னக் கடைக்காரனுக்கு வார்த்தைதான் தம்பி முதல். ஒரே மண்டியை நம்பியிருக்காதே. அவர் கதவைச் சாத்தினால் நம் கதவும் சேர்ந்து சாத்தும். பத்து மண்டியில் கணக்கு வை. பத்திலும் தவணை தவறாதே.”

அதனைக் கடைக்குரிய அறிவுரையாகவே அன்று கொண்டோம். ஒரு நாடே அவ்வாறு வாழ்ந்துவருவதைப் பின்னரே அறிந்தோம்.

காவிரிப்பூம்பட்டினத் துறையில் பண்டங்களுக்குப் புலி முத்திரையிட்டு உல்கு கொண்டமையைப் பட்டினப்பாலை வகுப்பில் கற்பிக்கிறோம். முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் பெயர் பெற்றதையும் எடுத்துரைக்கிறோம். சுங்கம் தவிர்ப்பதையே பிறப்புரிமையாகக் கொண்ட துறைமுகம் சிங்கப்பூர். 1819 இல் ராபிள்சு அங்கு வணிகத் தலம் நிறுவியபோதே அது வரியற்ற துறைமுகமாயிற்று. தமிழ் முசுலிம் வணிகர் அந்நாளிலேயே அங்குக் குடியேறினர் என்பதற்கு, 1828 முதல் 1830 வரை எழுப்பப்பட்ட நாகூர் தர்கா இன்றும் சான்றாக நிற்கிறது.

1965 இல் தனி நாடானபோது அதனிடம் வயல் இல்லை, சுரங்கம் இல்லை. குடிநீரில் பெரும்பகுதியும் சோகூரிலிருந்து வந்தது. ஏறத்தாழ 730 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள அந்நாட்டின் ஏற்றுமதி இறக்குமதித் தொகை, அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு. பிறர் சந்தை மூடினால் அதன் அடுப்பு அணையும்.

ஆதலின் உலக நாடுகள் அனைத்தும் ஒரே பந்தியில் அமர்ந்து உடன்பட வேண்டும் என்பதே அதன் விருப்பம். உலக வணிக அமைப்பின் முதல் அமைச்சர் மாநாடு 1996 இல் சிங்கப்பூரிலேயே கூடிற்று. 1999 இல் சியாட்டில் மாநாடு குழப்பத்தில் முடிந்தது. ஊர்ச் சந்தை கூடாதபோது வீட்டு வாசல்தோறும் செல்லும் வணிகனைப்போலச் சிங்கப்பூர் புறப்பட்டது. நியூசிலாந்துடன் செய்த உடன்பாடு 2001 இலும், சப்பானுடன் செய்தது 2002 இலும் நடைமுறைக்கு வந்தன. 2000 நவம்பரில் புருணையில் கோ சோக் தோங்கும் பில் கிளிண்டனும் நள்ளிரவில் கோல்ஃப் ஆடியபோது ஊன்றிய வித்து, 2004 இல் அமெரிக்க உடன்பாடாக முளைத்தது. 2005 இல் இந்தியா, 2013 இல் வளைகுடா நாடுகள், 2018 இல் இலங்கை, 2019 இல் ஐரோப்பிய ஒன்றியம் என நீண்ட கணக்கேடு இன்று இருபத்தைந்தைக் கடந்துள்ளது.

ஈண்டு ஒரு வினா எழும். முன்னரே வரி நீக்கியவன், வரி குறைக்கும் பேரத்தில் எதனைக் கொடுப்பான்? மது போன்ற மிகச் சில பண்டங்கள் நீங்கலாக அங்கு இறக்குமதி வரியே இல்லையே! அவன் கொடுத்தது வாக்கு. இன்று சுழியாக உள்ள வரி நாளையும் சுழியாகவே இருக்கும் என்னும் உறுதி. சேவைத் துறைகளைத் திறத்தல். அயலார் முதலீட்டுக்குக் காப்பு. சிறுசிறு விட்டுக்கொடுத்தல்களும் உண்டு. 1992 இல் தடைசெய்த சூயிங்கத்தில் மருத்துவப் பயனுள்ள வகையை மட்டும் மருந்தாளுநர் வழியே விற்க 2004 இல் இசைந்தது, அமெரிக்க உடன்பாட்டின் பொருட்டே.

குறைகளும் இல்லாமல் இல்லை. எப்பண்டம் எந்நாட்டில் பிறந்தது என மெய்ப்பிக்க உடன்படிக்கைதோறும் தனித்தனி விதிகள். பொருளியலறிஞர் சகதீசு பகவதி இந்நிலையை இத்தாலிய உணவொன்றோடு ஒப்பிட்டுக் கண்டித்தார். நாமாயின் இடியாப்பச் சிக்கல் என்போம்.

அதனினும் பெரிய சிக்கல் மனிதரைப் பற்றியது. எம் அக்காள் மகன் அங்குப் பொறியாளன். “நீ அந்த உடன்பாட்டில் வந்தவனா?” என்று உடன் பணியாற்றுபவர் ஒருவர் கேட்டதாக வருந்தி எழுதினான். இந்திய உடன்பாடு எவருக்கும் தங்குதடையின்றிப் பணி வழங்கவில்லை என்று அந்நாட்டு அரசு விளக்கியது. 2021 செப்டம்பரில் நாடாளுமன்றமும் நெடுநேரம் விவாதித்தது. எழுத்தின்படி அவ்விளக்கம் சரியே. ஆயினும், தம் பிள்ளையின் வேலை பறிபோகுமோ என்னும் அச்சம் எழுத்தைப் படித்துத் தணிவதன்று. எம் பிள்ளைகளுக்கு ஒரு வாயில் திறந்தது என மகிழ்ந்தோமேயன்றி, வாயிலின் அப்புறத்தில் இருப்போரை எண்ணினோமில்லை. அக்குறை எம்முடையதே.

2025 ஏப்ரலில் அமெரிக்கா பிற நாடுகளோடு சிங்கப்பூர்ப் பண்டங்கள்மீதும் பத்து விழுக்காடு வரி விதித்தது. இருபதாண்டுக்கு மேலான உடன்பாடு கையில் இருந்தும் அது நிகழ்ந்தது. சிங்கப்பூர் ஏமாற்றத்தை வெளிப்படையாகச் சொன்னது. பதில் வரி விதிக்கவில்லை.

அச்செய்தியைப் படித்த அன்று அத்தா நினைவுக்கு வந்தார். பெரிய மண்டிக்காரர் ஒருவர் பேசிய விலையை மீறி ஒருமுறை பட்டியல் அனுப்பினாராம். அத்தா சண்டையிடவில்லை. நிலுவையைத் தவணை நாளில் தீர்த்துவிட்டு, மறுநாள் வேறு மண்டியில் சரக்கெடுத்தார். “அவர் வார்த்தை போனால் அவருக்கு நட்டம் கொஞ்சம். நம் வார்த்தை போனால் நமக்குக் கடையே போச்சு” என்றார்.

வலியவன் வாக்குத் தவறியும் வாழ்ந்துவிடுவான். எளியவனுக்கு அவ்வசதி இல்லை. பத்து வாயில்கள் திறந்திருப்பது அவனுக்குக் காப்பு. அவற்றைத் திறந்து வைத்திருப்பதோ நாணயம். அத்தா இன்று இல்லை. அவருடைய கணக்கேடு எம்மிடம் உள்ளது. அதில் ஒரு பக்கத்திலும் நிலுவை இல்லை.